வாய்ப்பேச்சு முறிந்த நாளைக் குறித்து வையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். என்னிடம் எண்பது பக்கச் சீ.ஆர். கொப்பி ஒன்று இருக்கிறது. 2016ஆம் ஆண்டு பெப்ரவரி முதலாம் திகதியிலிருந்து ஓகஸ்ட் 14ஆம் திகதி வரை எங்கள் லொறி தம்புள்ளைக்குப் போன ஒவ்வொரு நடையும் அதில் இருக்கிறது. என்ன சாமான், எத்தனை மூட்டை, எத்தனை மணிக்கு ஏற்றினோம், வாடகை கைக்கு வந்ததா இல்லையா என்று ஒன்றும் விடாமல் நானே எழுதி வைத்தேன். மொத்தம் 112 நடை. அதில் கடைசி ஒன்பது நடைக்கு எதிரே பணம் வந்ததாகக் குறிக்கும் சரி அடையாளம் இல்லை. அந்த ஒன்பது நடையையும் அதற்குப் பின்னால் நடந்ததையும் உங்கள் வாசகர்களுக்குச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

நான் இலங்கை மலைநாட்டில் கந்தப்பளைப் பக்கம் ஒரு தோட்டத்தில், வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவில் பல வருடம் வேலை செய்தவள். என் வீட்டுக்காரர் லொறி சாரதி. அவர் வெகுகாலம் மற்றவர்களின் வண்டியைத்தான் ஓட்டினார். 2016 பொங்கல் முடிந்த வாரம் மரக்கறி முதலாளி ஒருவர் எங்களைக் கூப்பிட்டுப் பேசினார். பழைய எல்ப் லொறி ஒன்றை லீசிங்கில் எடுங்கள், முன்பணமாக நான் 2 லட்சம் தருகிறேன், இரண்டு வருடத்துக்கு என் சாமானை மட்டும் ஏற்றுங்கள், கிழமைக்கு நான்கு நடைக்குக் குறையாது, நடைக்கு 11,500 ரூபாய், அதில் ஆயிரம் ஆயிரமாக முன்பணத்தைக் கழித்துக்கொள்கிறேன் என்றார். டீசல் லீற்றர் 95 ரூபாய் விற்ற காலம். கணக்குப் போட்டுப் பார்த்தால் லீசிங் கட்டி, சாப்பாட்டுக்கும் மிஞ்சியது. நான்தான் கேட்டேன், "ஒரு கடதாசியில எழுதிக்குவமா அண்ணே?" என்று. அவர் தராசுக்குப் பக்கத்தில் நின்றபடியே சொன்னார்: "என்ன தங்கச்சி, எங்க அப்பாவும் உங்க அப்பாவும் ஒரே பெரட்டுக்களத்துல நின்னவங்க. நமக்குள்ள என்னத்துக்கு எழுத்து?"

எனக்கு அதற்கு மேல் வாய் வரவில்லை. பெரியவர்கள் பேச்சை நம்பி வளர்ந்தவர்கள் நாங்கள். தோட்டத்தில் சீட்டுப் பிடிப்பதும், கலியாணத்துக்குக் கைமாற்று வாங்குவதும், பசுவைப் பங்குக்கு வளர்க்க விடுவதும் எல்லாமே வாய்ப்பேச்சில்தான் நடந்தன. அது பிழை என்று இன்றும் சொல்ல மாட்டேன். சட்டமும் அதைப் பிழை என்று சொல்லவில்லை. காணி சம்பந்தமில்லாத பெரும்பாலான கொடுக்கல் வாங்கலில் வாய்ப்பேச்சும் ஒப்பந்தம்தான் என்று பிறகு எங்கள் சட்டத்தரணி சொன்னார். ஆனால் எழுத்து ஒப்பந்தத்துக்குக் கிடைக்கும் ஆயுளில் பாதிதான் வாய்ப்பேச்சுக்குக் கிடைக்கும். அதை யாரும் எங்களுக்குச் சொல்லித் தரவில்லை.

ஓகஸ்ட் 14 ஞாயிற்றுக்கிழமை. லீக்ஸ் மூட்டை இறக்கிவிட்டு வந்த என் வீட்டுக்காரரிடம் முதலாளி, "நாளையிலருந்து வரத் தேவையில்ல தம்பி, நான் சொந்தமா வண்டி எடுத்துட்டேன்" என்று சொல்லிவிட்டார். இரண்டு வருடப் பேச்சு இருபத்தெட்டுக் கிழமையில் முடிந்தது. ஒன்பது நடை வாடகை 103,500 ரூபாய் அவரிடம் நின்றது. முன்பணத்தில் 103 நடைக்குக் கழித்தது போக எங்கள் பக்கம் 97,000 நின்றது. கழித்துப் பார்த்தால் அவர்தான் எங்களுக்கு 6,500 தர வேண்டும். இரண்டு வருடப் பேச்சில் கைவிட்டுப் போன மீதி வேலையை நான் இதில் சேர்க்கவே இல்லை. வேறு ஓட்டம் உடனே கிடைக்கவில்லை. லீசிங் மூன்று மாதம் தவறியது. நான்காவது மாதம் வண்டியைச் சீஸ் பண்ணிக்கொண்டு போனார்கள். லயத்து வாசலில் நின்ற எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, என் வீட்டுக்காரர் முன் கண்ணாடியில் ஒட்டியிருந்த மாரியம்மன் படத்தை உரித்தெடுத்து மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். அன்றிலிருந்து இன்றுவரை அவர் சொந்த வண்டி என்ற பேச்சையே எடுத்ததில்லை.

அப்போதே நாங்கள் வழக்குப் போட்டிருக்கலாமே என்று கேட்பீர்கள். போடவில்லை. 2017 பொங்கலுக்கு டவுனில் கண்டபோது, நாலு பேர் நிற்க, "ஒம்பது நடைதானே தங்கச்சி, எனக்கு மறக்கல, கரட் சீசன் முடியட்டும், பார்த்துக் குடுக்கிறேன்" என்றார். அந்த வருடம் சித்திரை வருடப் பிறப்புக்கும் அதையே சொன்னார். தீபாவளிக்கு ஒரு பெட்டி பலகாரம் அனுப்பினார். வாயால் ஒத்துக்கொண்டாரே, எங்கே போய்விடும் என்று இருந்துவிட்டோம்.

இங்கேதான் நாங்கள் விழுந்தோம். காலாவதி பற்றிய 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. கோப்பித் தோட்டக் காலத்தில் வந்த சட்டம். இன்றும் அதுதான் நடப்பில் இருக்கிறது. எழுத்தில் உள்ள ஒப்பந்தம் முறிந்தால் ஆறு வருடத்துக்குள் வழக்குப் போட வேண்டும். எழுத்தில் இல்லாத வாக்குறுதி, பேரம், உடன்பாடு முறிந்தால் மூன்று வருடம். விற்றுக் கொடுத்த சாமானின் விலை, கடைக் கணக்கு, செய்து முடித்த வேலையின் கூலி, தொழிலாளியின் சம்பளம் ஆகியவற்றுக்கு ஒரே ஒரு வருடம். அந்த ஒரு வருடத்தைத் தயவுசெய்து இன்னொரு முறை வாசியுங்கள். எங்கள் மலைநாட்டில் வாய்ப்பேச்சில் நிற்கும் பணத்தில் பெரும்பகுதி இந்த வகைதான். மேசன் கூலி, மரம் அரிந்த கூலி, கிழங்கு தோண்டிய கூலி, மரக்கறி கொடுத்த காசு, கடைக் கொப்பியில் நிற்கும் கடன். அடுத்த சீசன், அடுத்த தீபாவளி என்று இரண்டு தவணை கேட்டாலே ஒரு வருடம் ஓடிப்போகிறது.

நாலு பேர் முன்னால் அவர் ஒத்துக்கொண்டதும் எங்களுக்கு உதவவில்லை. வெறும் வாய்ச்சொல்லால் ஒத்துக்கொண்டால் காலம் புதுப்பிக்கப்படாது என்று அதே சட்டம் சொல்கிறது. ஒத்துக்கொண்டது எழுத்தில் இருக்க வேண்டும், ஒத்துக்கொண்டவரின் கையெழுத்தும் வேண்டும். அல்லது கடனில் ஒரு பகுதியைப் பணமாகக் கட்டியிருக்க வேண்டும். அந்தப் பொங்கல் நாளில் என் கையில் கொப்பி இருந்தது. பேனையும் இருந்தது. "ஒம்பது நடைக் காசு தர வேண்டியிருக்கிறது" என்று ஒரு வரி எழுதி, திகதி போட்டு, "அண்ணே, ஒரு கையெழுத்து வையுங்க" என்று கேட்டிருந்தால் அன்றிலிருந்து காலம் புதிதாக ஓடத் தொடங்கியிருக்கும். கேட்கக் கூச்சப்பட்டேன்.

2019 மார்ச் மாதம் அவரே எங்களை இணக்க சபைக்கு இழுத்தார். போர்டில் மத்தியஸ்த சபை என்று எழுதியிருக்கும், நாங்கள் இணக்க சபை என்போம். 97,000 முன்பணத்தைத் திருப்பிக் கேட்டார். மூன்று மத்தியஸ்தர்கள் உட்கார்ந்தார்கள். அவர்கள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இருந்தார், என் கொப்பியை வாங்கி ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தார். 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வந்த சபை அது. இரு பக்கத்தையும் பேச வைத்துச் சமாதானம் செய்வதுதான் அவர்கள் வேலை, தீர்ப்புச் சொல்வது இல்லை. அங்கே சட்டத்தரணி வந்து பேசவும் முடியாது. ஒன்பது நடையைப் பற்றிக் கேட்டபோது முதலாளி "அது வேற கணக்கு" என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார். இரண்டாவது தவணையிலும் இணங்காததால் இணக்கமின்மைச் சான்றிதழ் கொடுத்தார்கள்.

வீட்டுக்கு நடந்து வரும்போது என் வீட்டுக்காரர் சொன்னது இன்னும் காதில் கேட்கிறது. "அவரு கேஸ் போடட்டும். போட்டா நாமளும் நம்ம கணக்க அங்கேயே வைப்பம்." நானும் சரி என்றேன். அன்றைக்கு எங்களுக்கு இன்னும் ஐந்து மாதம் இருந்தது, ஆசிரியர் ஐயா. பேச்சு முறிந்து இரண்டு வருடமும் ஏழு மாதமும்தான் ஆகியிருந்தது. ஒன்பது நடைக் கூலியின் ஒரு வருடம் எப்போதோ போய்விட்டது, உண்மைதான். ஆனால் இரண்டு வருடப் பேச்சை முறித்து, வண்டியை இழக்க வைத்ததற்கு நட்டம் கேட்கும் உரிமை உயிரோடு இருந்தது. அந்த அறையில் உட்கார்ந்திருந்த யாருக்கும் அதைச் சொல்ல வேண்டும் என்று தோன்றவில்லை. எங்களுக்குக் கேட்கவும் தெரியவில்லை.

அவருக்குத் தெரிந்திருந்தது, அல்லது அவருடைய சட்டத்தரணிக்குத் தெரிந்திருந்தது. மாவட்ட நீதிமன்றத்தில் அவர் வழக்கைத் தாக்கல் செய்த திகதி 2019 ஜூலை 30. மூன்று வருடம் முடிய இரண்டு கிழமை இருக்கும்போது. நீதிமன்றத்துப் பிஸ்கால்காரர் அழைப்பாணையைக் கொண்டுவந்து கொடுத்தது செப்டெம்பரில். ஒரு சொல் தமிழ் இல்லை. பக்கத்து லயத்தில் சிங்களம் படித்த பையனைக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னோம், அவனுக்குச் சட்டச் சொற்கள் விளங்கவில்லை. அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரையின்படி தமிழ் பேசுகிறவர் தன் வழக்கைத் தமிழிலேயே தாக்கல் செய்யலாம், உரைபெயர்ப்பும் மொழிபெயர்ப்பும் கேட்டுப் பெறலாம் என்று பிறகு அறிந்தேன். கேட்டால்தான் கிடைக்கும் உரிமையாக அது இருக்கிறது. ஆளைத் தேடி, புரிந்துகொண்டு, சட்டத்தரணியைப் பிடித்து, எங்கள் மறுமொழியைத் தாக்கல் செய்யும்போது நவம்பர் 12.

சட்டத்தரணி அம்மா நல்லவர். கொப்பியைப் பார்த்துவிட்டு வெகுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு சொன்னார். வழக்குக்கு மறுமொழி போடும்போதே எதிர்க்கோரிக்கையும் வைக்கலாம், தனி வழக்கு வேண்டியதில்லை, 1889ஆம் ஆண்டின் குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை 75ஆம் பிரிவில் அதற்கு இடமிருக்கிறது, அந்தக் கோரிக்கை எதிர்வழக்குப் போலவே எண்ணப்படும். ஒரே தீர்ப்பில் இரண்டையும் முடிக்கலாம். கேட்டதும் எனக்கு மனம் நிறைந்துவிட்டது. அடுத்த பேச்சில் எல்லாம் போனது. "எதிர்வழக்குப் போல எண்ணுவதால்தான் அதற்கும் காலாவதி உண்டு. அவர் நேரத்துக்கு வழக்குப் போட்டது அவருக்குத்தான். உங்கள் மூன்று வருடம் ஓகஸ்ட் 14ஆம் திகதியோடு முடிந்துவிட்டது என்று அந்தப் பக்கம் நிச்சயம் சொல்லும்."

சொன்னார்கள். எதிர்த்தரப்பின் முதல் ஆட்சேபமே அதுதான். காலாவதி என்பதை அந்தந்தத் தரப்பு தானாகக் கிளப்ப வேண்டும், யாரும் கிளப்பாவிட்டால் நீதிமன்றம் தானாகக் கையில் எடுக்காது என்றும் அன்று தெரிந்துகொண்டேன். ஆகவே உங்கள் மேல் யாராவது பிந்தி வழக்குப் போட்டால், அதை மறுமொழியிலேயே எழுதச் சொல்லி உங்கள் சட்டத்தரணியிடம் கேளுங்கள். எங்கள் சட்டத்தரணியோ ஒன்பது நடையைக் கேட்டு வாங்க முடியாவிட்டாலும், அவர் கேட்கும் தொகையிலிருந்து கழிக்கச் சொல்லியாவது வாதாடிப் பார்க்கிறேன் என்று நின்றார். அதன் பிறகு கொரோனா வந்தது, தவணை தவணையாகத் தள்ளிப் போனது. 2023இல் இரு பக்கமும் இணங்கி முடித்தோம். மாதம் 5,000 வீதம் எட்டு மாதம் நாங்கள் கட்டினோம். கணக்குப்படி எங்களுக்கு வர வேண்டிய இடத்தில், 40,000 ரூபாய் நாங்கள் கட்டினோம். கடைசித் தவணை கட்டிய பற்றுச்சீட்டும் அந்தக் கொப்பிக்குள்தான் இருக்கிறது.

முதலாளியைத் திட்டுவதற்காக நான் இதை எழுதவில்லை. அவர் பெயரையும் சொல்ல மாட்டேன். எனக்குள்ள ஆற்றாமை அந்த ஐந்து மாதத்தைப் பற்றியது. ஆகவே உங்கள் பத்திரிகை மூலமாக ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். இணக்க சபைக்கு வரும் இரண்டு தரப்புக்கும் முதல் நாளே ஒரு துண்டுக் கடதாசி கொடுக்க வேண்டும். தமிழிலும் சிங்களத்திலும். எழுத்துக்கு ஆறு, வாய்ப்பேச்சுக்கு மூன்று, கூலிக்கும் சாமானுக்கும் ஒன்று, உங்கள் எதிர்க்கோரிக்கை மற்றவருடைய வழக்குக்காகக் காத்திருக்காது, உடனே சட்டத்தரணியைப் பாருங்கள். இவ்வளவு போதும். மத்தியஸ்தர்கள் சட்ட ஆலோசனை சொல்லக் கூடாது என்பார்கள். அச்சடித்த கடதாசி கொடுப்பது யாருக்கும் பக்கம் சாய்வதாகாது, இரண்டு பேருக்கும் ஒரே கடதாசிதானே. சபைகளை நடத்தும் ஆணைக்குழுவும் நீதி அமைச்சும் நினைத்தால் ஒரு மாத வேலை. கிராம சேவகர் அலுவலகச் சுவரிலும், தோட்டத்து கோயில் மண்டபத்திலும் அதையே ஒட்டலாம். டெங்கு நுளம்புக்கு ஒட்டுகிற இடத்தில் இதற்கும் இடம் இருக்கும்.

காணி விஷயத்தையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இப்போது எங்கள் பக்கம் மரக்கறித் தோட்டத்தையும் வீட்டுத் துண்டையும் வாயால் விற்பதும் வாங்குவதும் கூடிவிட்டது. காணி விற்க, வாங்க, ஈடு வைக்கப் பேசும் பேச்சு வாயளவில் இருந்தால் சட்டத்தின் முன் செல்லாது. நொத்தாரிசும் இரண்டு சாட்சியும் வைத்து எழுத்தில் செய்ய வேண்டும் என்று 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் சொல்கிறது. அங்கே மூன்று வருடக் கணக்குக்கும் வேலை இல்லை, பேச்சு தொடக்கத்திலேயே செல்லாத பேச்சு.

போனில் செய்தி அனுப்புகிற பிள்ளைகளுக்கும் ஒன்று. "நாளைக்குத் தாறேன்", "உங்க காசு 15,000 நிக்குது" என்று வரும் வாட்ஸ்அப்பை அழிக்காதீர்கள். மின்னணுத் தகவலை ஏற்றுக்கொள்ள 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. போன் மாற்றும்போது அதையும் எடுத்து வையுங்கள், அச்சடித்தும் ஒரு பிரதி வையுங்கள். அதே நேரம் "சும்மா ஒரு ரெண்டாயிரம் கட்டி வையுங்க" என்று யாராவது உங்களிடம் கேட்டால், அந்தப் பகுதிப் பணம் அவருடைய காலத்தைப் புதுப்பிக்கும் என்பதையும் யோசித்துக் கட்டுங்கள். நியாயமான கடன் என்றால் கட்டத்தான் வேண்டும், நான் ஏமாற்றச் சொல்லவில்லை. தெரிந்து கட்டுங்கள் என்கிறேன்.

பணம் இல்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவின் நிலையத்துக்குப் போகலாம், வருமானம் குறைந்தவர்களுக்கு இலவசமாகப் பார்ப்பார்கள். நான் அங்கே போயிருந்தால் என்று நினைக்காத நாள் இல்லை.

இப்போது எங்கள் லயத்தில் யாருக்காவது காசு நின்றால் என் கொப்பியைத் தேடி வருகிறார்கள். போன ஞாயிற்றுக்கிழமை ஒரு பெண்பிள்ளை வந்தாள். அப்பா தச்சு வேலை செய்பவர், டவுனில் ஒரு வீட்டுக்கு யன்னலும் கதவும் செய்து கொடுத்தார், 68,000 ரூபாய் நிற்கிறது, கேட்கிற நேரமெல்லாம் பொங்கல் வரட்டும் என்கிறார்களாம். வேலை முடித்துக் கொடுத்து காசு தர வேண்டிய திகதியைக் கேட்டேன். அவளுக்குத் தெரியவில்லை. அப்பாவுக்கு அங்கேயே போன் எடுத்தோம். இரண்டு பேரும் நாட்காட்டியை வைத்துக்கொண்டு கிழமை கிழமையாக எண்ணினோம். ஒரு வருடம் முடிய ஐந்து கிழமையும் இரண்டு நாளும் இருந்தது. செவ்வாய்க்கிழமை காலை முதல் பஸ்ஸில் அப்பாவையும் கூட்டிக்கொண்டு சட்டத்தரணியைப் பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டு, நாட்காட்டியில் அந்தத் திகதியைச் சிவப்புப் பேனையால் சுற்றி, தன் போனிலும் படம் எடுத்துக்கொண்டு போனாள்.

இப்படிக்கு,
கந்தப்பளையிலிருந்து ஒரு வாசகி